தந்தையின் மீசோதெலியோமா சிகிச்சை குறித்து அனுபவமுள்ளவர்களின் உதவி தேவை

வணக்கம். கொதிகலன்களுக்கு ஆஸ்பெஸ்டாஸ் கலந்த வெப்பக்காப்பு உறை பொருத்தும் வேலையில் இளமையைக் கழித்த என் தந்தைக்கு, நுரையீரலைச் சூழ்ந்த உறையில் தோன்றும் மீசோதெலியோமா என்னும் புற்றுநோய் இருப்பது சென்ற வாரம் திசுப் பரிசோதனையில் உறுதியானது. ஆஸ்பெஸ்டாஸ் இழைகளைச் சுவாசித்து 20 முதல் 50 ஆண்டுகள் கழித்தும் இந்நோய் வெளிப்படலாம் என்று மருத்துவர் விளக்கிய பிறகே, அந்த வேலையை விட்டு 35 ஆண்டுகளான பின் ஏன் வந்தது என்பது எங்களுக்குப் புரிந்தது. (புகைப்பழக்கம் இதற்குக் காரணமல்ல என்பதை உறவினர்களுக்கு இன்னும் விளக்கிக்கொண்டிருக்கிறேன்.)

பெமெட்ரெக்செட், சிஸ்பிளாட்டின் சேர்ந்த கீமோதெரபியா, நிவோலுமாப், இபிலிமுமாப் சேர்ந்த நோயெதிர்ப்புச் சிகிச்சையா என்று விரைவில் முடிவெடுக்க வேண்டும். இவற்றில் ஒன்றைப் பெற்ற முதியவரைக் கவனித்துக்கொண்டவர்கள், பக்கவிளைவுகள் எப்படி இருந்தன, நெஞ்சில் மீண்டும் மீண்டும் நீர் கோப்பதை எவ்வாறு சமாளித்தீர்கள் என்பதைத் தயவுசெய்து எழுதுங்கள். தந்தையின் ஆஸ்பெஸ்டாஸ் தூசி படிந்த வேலை உடைகளைப் பல ஆண்டுகள் துவைத்த அம்மாவைக் குறித்தும் கவலையாக இருக்கிறது. அவருக்கு என்ன பரிசோதனை கேட்க வேண்டும்?