சி எக்ஸ்டென்ஷன் டைப்புக்கு சைக்கிள் ஜிசி சப்போர்ட்: ஃபிளாக் மட்டும் போட்டா போதுமா?

கணு_மரம் (கேள்வி):
எல்லாருக்கும் வணக்கம். பைத்தானுக்கு சி-ல ஒரு எக்ஸ்டென்ஷன் (பைத்தான்ல இருந்து கூப்பிடுற சி மாட்யூல்) எழுதிட்டு இருக்கேன், அதுல மரத்தோட ஒவ்வொரு கணுவுக்கும் நோடுனு ஒரு டைப். ஸ்ட்ரக்டுக்குள்ள பேரன்ட், சில்ட்ரன் லிஸ்ட், யூசர் குடுக்குற கால்பேக், நேம் ஸ்ட்ரிங் இருக்கு, இது போக வேகத்துக்காக ரூட் நோடுக்கு ஒரு பாயின்டர் வச்சிருக்கேன், அதுக்கு மட்டும் இன்க்ரெஃப் (ரெஃபரன்ஸ் எண்ணிக்கைய ஒண்ணு கூட்டுறது) பண்றதில்ல, ஏன்னா பேரன்ட் வழியா ரூட் எப்படியும் உயிரோடதான் இருக்கும். இப்ப பிரச்சனை என்னன்னா மரத்த டெலிட் பண்ணாலும் மெமரி இறங்கவே மாட்டேங்குது, ஜிசிய (கார்பேஜ் கலெக்டர், ஒண்ண ஒண்ணு சுத்தி புடிச்சு சைக்கிளா நிக்குற குப்பைய தேடி விடுறது) ஜிசி.கலெக்ட்()னு கூப்பிட்டா பூஜ்ஜியம்னு வருது, ஜிசி.இஸ்_ட்ராக்ட்(நோடு) கேட்டா ஃபால்ஸ், அதாவது ஜிசி அத கவனிக்கவே இல்ல. டைப்புல ஹேவ்_ஜிசி ஃபிளாக் (இத ஜிசி கவனிக்கணும்னு சொல்றது) போடணும்னு தெரியுது. அது மட்டும் போதுமா? டிபி_கிளியர் (ஆப்ஜெக்ட் புடிச்சிருக்குறத விட்டு சைக்கிள உடைக்கிற ஃபங்ஷன்) கட்டாயமா? அந்த ரூட் பாயின்டர டிராவர்ஸ்ல (ஆப்ஜெக்ட் யாரயெல்லாம் புடிச்சிருக்குன்னு ஜிசிக்கு சொல்ற ஃபங்ஷன்) காட்டணுமா வேண்டாமா? இந்த கடைசி கேள்விதான் ரொம்ப குழப்புது.

ஹீப்_நோக்கி:
ஃபிளாக் மட்டும் போதாது. டிராவர்ஸ் இல்லாம ஃபிளாக் போட்டா புது வெர்ஷன்கள்ல டைப் ரெடி ஆகுற இடத்துலயே எர்ரர் வந்துரும். உங்க கடைசி கேள்விக்கு ஒரே வரில பதில் சொன்னா, ரூட்ட காட்டக்கூடாது. ஏன்னு புரிய ஜிசி உள்ள என்ன செய்யுதுன்னு பாக்கணும், அது தெரிஞ்சா மத்த விதியெல்லாம் மனப்பாடம் பண்ணவே தேவையில்ல.

பைத்தான் அடிப்படைல ரெஃபரன்ஸ் கவுன்டிங்தான் (ஒரு ஆப்ஜெக்ட எத்தன பேர் புடிச்சிருக்காங்கன்னு எண்ணி, பூஜ்ஜியம் ஆனா விடுறது), சைக்கிள புடிக்கிற கலெக்டர் 2000-ல வந்த 2.0 வெர்ஷன்லதான் சேந்துச்சு. அது செய்யிறது இதுதான்: ட்ராக் ஆகியிருக்க ஒவ்வொரு கன்டெய்னரோட ரெஃப் கவுன்டையும் ஒரு நகல் எடுத்துக்கும், அப்புறம் ஒவ்வொரு ஆப்ஜெக்டோட டிராவர்ஸையும் கூப்பிட்டு அது யார யாரெல்லாம் காட்டுதோ அவங்க நகல்ல ஒண்ணு ஒண்ணா கழிக்கும். கழிச்சு முடிச்சப்புறம் யாரோட எண்ணிக்கை பூஜ்ஜியத்துக்கு மேல நிக்குதோ அவங்கள வெளிய இருந்து யாரோ புடிச்சிருக்காங்கன்னு அர்த்தம். அவங்களும், அவங்க வழியா போய் சேர முடியிறவங்களும் தப்பிச்சுருவாங்க, மிச்சம் குப்பை.

இப்ப நீங்க உங்களுக்கு சொந்தமான ஒரு ரெஃபரன்ஸ காட்டாம விட்டா கழிக்க வேண்டியது கழியாது, குப்பையும் உயிரோட இருக்குற மாதிரி தெரியும், லீக், அவ்வளவுதான். ஆனா சொந்தமில்லாத ஒண்ண காட்டினா? ரூட்டுக்கு நீங்க இன்க்ரெஃப் பண்ணல, ஆனா ஒவ்வொரு நோடும் அதுல ஒண்ணு கழிக்க சொல்லுது. யூசரோட வேரியபிள் ஒண்ணு ரூட்ட நிஜமாவே புடிச்சிருந்தாலும் கணக்கு தப்பாகி பூஜ்ஜியத்துக்கு வந்துரலாம், உயிரோட இருக்குற மரத்த குப்பைன்னு முடிவு பண்ணி கிளியர் பண்ணிரலாம், கிராஷ் ஆகுறது சம்பந்தமே இல்லாத வேற எங்கயோ நடக்கும். அதனால இன்க்ரெஃப் பண்ணத மட்டும், ஒரு ரெஃபரன்ஸுக்கு ஒரு தடவை மட்டும் பை_விசிட் பண்ணுங்க. அந்த மேக்ரோ வேலை செய்ய ஃபங்ஷனோட ஆர்குமென்ட் பேரு விசிட், ஆர்க்னே இருக்கணும்ங்கறதையும் கவனிங்க. நேம் ஸ்ட்ரிங்க விசிட் பண்ணாலும் பண்ணாட்டியும் ஒண்ணுதான், ஸ்ட்ரிங்கால சைக்கிள் உருவாகாது.

இன்னொண்ணு, பைத்தான்ல நோட சப்கிளாஸ் பண்ணி அதோட இன்ஸ்டன்ஸ்ல இஸ்_ட்ராக்ட் கேட்டா ட்ரூன்னு வரும், அத நம்பாதீங்க. டிக்ட் சேர்றதால சப்கிளாஸுக்கு ஜிசி தானா வந்துரும், ஆனா உங்க சி ஃபீல்டுக்குள்ள என்ன இருக்குன்னு அதுக்கு தெரியவே தெரியாது.

மெல்லிய_இணைப்பு:
பேரன்ட்ட வீக்ரெஃபா (எண்ணிக்கைய கூட்டாத ரெஃபரன்ஸ்) மாத்திட்டா சைக்கிளே இல்லையே, இவ்வளவு வேலை எதுக்கு?

ஹீப்_நோக்கி:
பேரன்ட் சைக்கிள் போகும், கால்பேக் சைக்கிள் போகாதே. யூசர் ஒரு லாம்ப்டா எழுதி அதுக்குள்ள அதே நோட கேப்சர் பண்ணா போதும், நோடு கால்பேக்க புடிக்கும், கால்பேக் குளோஷர் வழியா நோட புடிக்கும். யூசர் குடுக்குற எந்த ஆப்ஜெக்டையும் வச்சுக்குற டைப்புக்கு ஜிசி சப்போர்ட் வேணும்ங்கறதுல எனக்கு ரெண்டாவது கருத்தே கிடையாது. அதோட பேரன்ட் வீக் ஆயிட்டா, ரூட்டுக்கு வச்சிருந்த வேரியபிள் போனதும் கீழ உள்ள நோடு கைல இருக்கும்போதே மேல மரம் கலைஞ்சுரும், ரூட் உயிரோட இருக்கும்னு இவர் நம்புறதும் உடைஞ்சுரும்.

டீஅலாக்_காவலன்:
மேல சொன்னது எல்லாம் சரி, நான் கிளியர், டீஅலாக் (ஆப்ஜெக்ட் சாகும்போது ஓடுற ஃபங்ஷன்) பக்கம் சொல்றேன், நிஜ கிராஷெல்லாம் இங்கதான் ஒளிஞ்சிருக்கும்.

கிளியர் கட்டாயமான்னு கேட்டீங்க. டூப்பிளுக்கு (உருவானப்புறம் மாத்த முடியாத வரிசை) கிளியர் கிடையாது, ஏன்னா வெறும் டூப்பிள் மட்டும் சேந்து ஒரு சைக்கிள் உருவாக வழியில்ல, நடுவுல மாத்தக்கூடிய ஒரு ஆப்ஜெக்ட் எங்கயாவது இருக்கும், அது சங்கிலிய உடைச்சுரும். உங்க நோடு விஷயம் அப்படி இல்ல, பேரன்ட்டையும் கால்பேக்கையும் பின்னாடி மாத்தலாம், அதனால கிளியர் வேணும். அதுல வெறும் டெக்ரெஃப் (எண்ணிக்கைய ஒண்ணு குறைக்கிறது) போட்டுட்டு அடுத்த வரில நல் (NULL, எதையும் காட்டாத பாயின்டர்) ஆக்காதீங்க, பை_கிளியர் மேக்ரோவ யூஸ் பண்ணுங்க. டெக்ரெஃப் நடக்குறப்ப எந்த பைத்தான் கோடு வேணா ஓடலாம், அந்த கோடு உங்க நோடுக்கே திரும்பி வந்து பாதி செத்த ஃபீல்ட படிக்கலாம், பை_கிளியர் முதல்ல ஃபீல்ட நல் ஆக்கிட்டுதான் டெக்ரெஃப் பண்ணும். இதே காரணத்தால கிளியருக்கு அப்புறமும் உங்க மெத்தட் கூப்பிடப்படலாம், எல்லா மெத்தட்லயும் நல் செக் இருக்கணும்.

அந்த ரூட் பாயின்டர்லயும் இங்க ஒரு ஆபத்து இருக்கு. பேரன்ட் இருக்குறவரைக்கும் ரூட் இருக்கும்னு சொன்னீங்க, கிளியர்ல பேரன்ட்ட விட்ட அடுத்த நொடி அந்த உத்தரவாதம் போச்சு. அதனால பேரன்ட்ட கிளியர் பண்றதுக்கு முன்னாடி ரூட் பாயின்டர வெறுமனே நல் ஆக்கிருங்க, டெக்ரெஃப் வேண்டாம்.

டீஅலாக்ல முதல் வரியே ஜிசி_அன்ட்ராக்தான். அது இல்லாம ஃபீல்டெல்லாம் விடுறப்ப நடுவுல ஒரு கலெக்ஷன் ஓடுச்சுன்னா பாதி இடிஞ்ச ஆப்ஜெக்ட்ல டிராவர்ஸ் கூப்பிட்டுரும். அன்ட்ராக், அப்புறம் உங்க கிளியர் ஃபங்ஷன், நேம விடுறது, கடைசியா டிபி_ஃப்ரீ. மெமரிய சாதாரண ஆப்ஜெக்ட்_டெல் வச்சு விடவே கூடாது, வழக்கமான 64 பிட் பில்டுல ஆப்ஜெக்டுக்கு முன்னாடி ஜிசி ஹெடர்னு 16 பைட் இருக்கு, ஜிசி_டெல்தான் அங்கிருந்து கணக்கா விடும்.

உருவாக்குற பக்கமும் பாருங்க. டிபி_அலாக் வழியா, அதாவது டைப்_ஜெனரிக்அலாக்ல எடுத்தா அதுவே ட்ராக் பண்ணிக் குடுத்துரும், ஃபீல்டெல்லாம் நல் (NULL) மதிப்போடதான் ஆரம்பிக்கும், அதனால நீங்க மறுபடி ட்ராக் கூப்பிடக்கூடாது. ஜிசி_நியூல எடுத்தா மெமரி சுத்தமா இருக்காது, டிராவர்ஸ் தொடுற ஃபீல்ட் எல்லாத்தையும் நிரப்பிட்டுதான் ஜிசி_ட்ராக் கூப்பிடணும்.

கணு_மரம்:
ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி, கழிக்கிற கணக்கு படிச்சதும் பாதி குழப்பம் தீந்துருச்சு. நீங்க சொன்ன மாதிரி எழுதிட்டேன், நோடெல்லாம் இப்ப போகுது. ஆனா மாட்யூல ரீலோட் பண்ணி டெஸ்ட் பண்ணா பழைய நோடு கிளாஸ் மட்டும் மெமரிலயே நிக்குது. டைப்ப ஃப்ரம்ஸ்பெக் வச்சு உருவாக்குறேன், அதனாலயா?

டீஅலாக்_காவலன்:
அதேதான். ஃப்ரம்ஸ்பெக்ல வர்றது ஹீப் டைப் (ப்ரோக்ராம் ஓடும்போது உருவாகுற டைப்), ஒவ்வொரு இன்ஸ்டன்ஸும் தன் டைப்புக்கு ஒரு சொந்த ரெஃபரன்ஸ் வச்சிருக்கும். டீஅலாக்ல டைப்ப முதல்ல ஒரு லோக்கல் வேரியபிள்ல எடுத்துக்கிட்டு, டிபி_ஃப்ரீ முடிஞ்சதும் அதுக்கு டெக்ரெஃப் பண்ணணும். டிராவர்ஸ்லயும் 3.9-ல இருந்து பை_டைப்(செல்ஃப்)-அ விசிட் பண்ணணும், ஹீப்_நோக்கி சொன்ன கணக்கேதான், சொந்த ரெஃபரன்ஸ்னா காட்டியே ஆகணும். கிளியர்ல மட்டும் டைப்ப தொடாதீங்க.

சரியா எழுதியிருக்கமான்னு பாக்க ஜிசி.கெட்_ரெஃபரன்ட்ஸ்(நோடு) கூப்பிடுங்க, அது நேரா உங்க டிராவர்ஸதான் ஓட்டுது, நீங்க காட்டுற லிஸ்ட் அப்படியே வெளிய வரும். பேரன்ட், சில்ட்ரன், கால்பேக், கிளாஸ் எல்லாம் வரணும். ஆழத்துல இருக்குற ஒரு நோடுக்கு கேட்டு, லிஸ்ட்ல ரூட் வந்துச்சுன்னா எங்கயோ அத விசிட் பண்றீங்க. அப்புறம் ஜிசி.டிசேபிள்() பண்ணிட்டு, சைக்கிளுக்குள்ள ஒரு சாதாரண பைத்தான் ஆப்ஜெக்ட வச்சு அதுக்கு வீக்ரெஃப் எடுத்து, கலெக்ட்() முடிஞ்சதும் வீக்ரெஃப் நன் (None) ஆகுதான்னு பாருங்க. உங்க டைப்புல வீக்ரெஃப் சப்போர்ட் இல்லாட்டியும் இந்த டெஸ்ட் ஓடும்.

கணு_மரம்:
கிளாஸும் போயிருச்சு! கெட்_ரெஃபரன்ட்ஸ் அருமையான விஷயம், டெஸ்ட் ஃபைல்லயே சேத்துட்டேன். கடைசியா ஒண்ணு, ரொம்ப ஆழமான மரத்த, ஒண்ணுக்கு கீழ ஒண்ணுன்னு நீளமா போற மாதிரி கட்டி விட்டா டீஅலாக்ல ஸ்டாக் ஓவர்ஃப்ளோ ஆகுது.

ஹீப்_நோக்கி:
ஒரு நோடோட டீஅலாக் அடுத்த நோடோட டீஅலாக்க கூப்பிட்டுக்கிட்டே போகுது, அதான். ட்ராஷ்கேன்_பிகின், ட்ராஷ்கேன்_எண்ட் மேக்ரோ ரெண்டும் இதுக்குன்னே இருக்கு, 3.8-ல இருந்து இந்த பேர்ல. அன்ட்ராக்குக்கு அடுத்து பிகின், கடைசில எண்ட். ஆழம் ஒரு அளவ தாண்டினா மிச்சத்த வரிசைல போட்டு அப்புறமா விடும். நடுவுல ரிட்டர்ன் மட்டும் போட்டுராதீங்க, எண்ட் வரைக்கும் போயே ஆகணும்.