லாவோஸில் கைவினைப் பொருள் செய்பவர்களை எங்கே போய்ப் பார்ப்பது?

திசைமாறி:
வணக்கம். ஜனவரியில் நானும் அக்காவும் ஒன்பது நாள் லாவோஸ் போகிறோம். வியன்டியனில் இறங்கி அங்கிருந்து ரயிலில் லுவாங் பிரபாங், அதற்கப்புறம் இன்னும் முடிவாகவில்லை. அக்காவுக்குத் துணி என்றால் உயிர், எனக்குக் கூடை, காகிதம், சட்டிபானை. போன வருடம் வேறொரு நாட்டில் கைத்தறி, இயற்கைச் சாயம் என்று ஒரு கடையில் தலையில் கட்டிய சால்வையை வீட்டுக்கு வந்து தண்ணீரில் போட்டோம், வாளியே சிவந்துவிட்டது. அதனால் இந்த முறை செய்பவர்களையே பார்த்து, தறி ஓடுவதையும் பார்த்து, அவர்கள் கையில் காசு கொடுத்து வாங்க ஆசை. எந்த ஊருக்குப் போக வேண்டும்? சொல்லாமல் போய் நின்றால் தப்பா? லுவாங் பிரபாங் இரவுச் சந்தையை எல்லோரும் புகழ்கிறார்களே, நம்பலாமா?

மேகோங் கரையோரம்:
மூன்று வருடம் அங்கே வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். இரவுச் சந்தைக்கு ஒரு சாயங்காலம் வேடிக்கை பார்க்கப் போங்கள். யானை போட்ட அதே கால்சட்டை, அதே பர்ஸ், அதே நிறத்தில் பத்துக் கடையில் தொங்கினால் அது பக்கத்து நாட்டுத் தொழிற்சாலையிலிருந்து மூட்டையாக வந்த சரக்கு. ஆனால் சந்தையையே ஒதுக்கிவிடவும் வேண்டாம், விற்றுக்கொண்டே மடியில் துணியை வைத்துத் தைத்துக்கொண்டிருக்கும் ஹ்மோங் என்ற மலை இனப் பெண்கள் சிலர் இருப்பார்கள், அங்கே நில்லுங்கள். "ஹெட் எங் போ?" என்று கேட்டுப் பாருங்கள், நீங்களே செய்ததா என்று அர்த்தம்.

வாங்குவதற்கு முன் டேக் என்று சொல்லும் பாரம்பரியக் கலை, இனவியல் மையத்துக்குப் போய்விடுங்கள். 2006இல் தொடங்கிய சின்ன அருங்காட்சியகம்தான், ஆனால் எந்த இனத்தார் எதைச் செய்கிறார்கள் என்பது ஒரு மணி நேரத்தில் பிடிபட்டுவிடும். அவர்கள் கடையில் எடுக்கும் பொருள் எந்த ஊரிலிருந்து வருகிறது என்றும் கேட்டுக்கொள்ளலாம். ஓமா மக்களின் கைத்தையல் கோலத்தை ஓர் இத்தாலிய ஆடை நிறுவனம் அப்படியே துணியில் அச்சடித்துவிட்டது என்று 2019இல் ஊரறியச் சண்டை போட்டது இந்த மையம்தான்.

காகிதத்துக்கு பான் சாங் கோங் (பான் என்றால் ஊர்). நாம் கான் ஆற்றைத் தாண்டினால் சைக்கிள் தூரம்தான். சா என்கிற ஒருவகை முசுக்கட்டை (மல்பெரி) மரத்தின் பட்டையை வேகவைத்து, கூழாகும்வரை அடித்து, தண்ணீரில் அமிழ்ந்த வலைச்சட்டத்தில் ஊற்றிக் கையாலேயே பரப்புவார்கள். ஈரமாக இருக்கும்போதே பூவிதழ், இலை எல்லாம் ஒட்டிவிட்டுச் சட்டத்தோடு தெருவில் வெயிலுக்குச் சாய்த்து வைத்திருப்பார்கள். ஜனவரி அதற்கு நல்ல காலம், மழை இருக்காது. சொல்லிவிட்டெல்லாம் போக வேண்டியதில்லை, சபாய்தீ (வணக்கம்) என்று சொல்லிவிட்டு நின்று பார்க்கலாம். மண்பாண்டத்துக்கு பான் சான், மேகோங்கின் அக்கரை, படகில் போக வேண்டும். பான் பனோம் நெசவு ஊர் என்று எல்லாரும் கூட்டிப்போவார்கள், எனக்கென்னவோ அங்கே தறியை விடக் கடைதான் கண்ணில் பட்டது.

தறிவீட்டுப் பேரன்:
அக்காவுக்காக எழுதுகிறேன். லாவோ பெண்கள் கட்டும் சின் என்ற பாவாடையில் இடுப்புத் துண்டு, உடல், கீழே கரை என்று மூன்று பகுதி, கரையைத் தனியாக நெய்து சேர்ப்பது வழக்கம். தறி பெரும்பாலும் கால்வைத்த வீட்டின் அடியில் இருக்கும். முதலில் பார்க்க வேண்டியது பாவின் (நீளவாக்கு நூல்களின்) மேல் செங்குத்தாகத் தொங்கும் நூல்திரையை. கோலம் முழுவதும் அதில்தான் இருக்கிறது, குறுக்கே செருகிய ஒவ்வொரு குச்சியோ கயிறோ கோலத்தின் ஒரு வரி. ஒன்றை இழுத்துப் பாவைத் தூக்கி, ஊடையை (குறுக்கு நூலை) போட்டு, அதைக் கீழே மாற்றிச் செருகுவார்கள். மேலே உள்ளதெல்லாம் கீழே வந்து சேர்ந்ததும் அதே வரிகளைத் தலைகீழாக ஏற்றிக்கொண்டு போனால் கோலத்தின் மறுபாதி கண்ணாடியில் பார்த்தது போல வந்துவிடும். காஞ்சிபுரத்தில் எங்கள் தாத்தா அடை (கோலத்துக்கான நூல்கட்டு) கட்டிப் புட்டா போட்டதைப் பார்த்தவன் நான், அந்த லாவோ தறிக்கு முன்னால் அரைமணி நேரம் நகரவே இல்லை.

வாங்கும்போது துணியைத் திருப்பிப் பாருங்கள். கோலம் உள்ள இடத்தில் மட்டும் வண்ண நூல் கையால் நுழைத்திருந்தால் அது சோக், பின்பக்கம் நூல் அங்கங்கே தாவுவது தெரியும். அச்சடித்ததில் பின்பக்கம் வெளுத்திருக்கும். பட்டுதானா என்று சந்தேகம் வந்தால் ஓர நூல் ஒன்று கேட்டு வாங்கிக் கொளுத்துங்கள், முடி கருகும் வாடையும் உதிரும் சாம்பலும் வர வேண்டும், உருகி மணி போல உருண்டால் வைத்துவிட்டு வந்துவிடலாம். பாம்பு மாதிரி வளைந்து போகிற கோலம் நாகம். அந்த நாகக் கோல நெசவை 2023இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது.

பொன்சவான் போனவள்:
எல்லாம் சரி, ஆனால் நெய்தவர் கையில் நேரே கொடுத்தால்தான் நியாயம் என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மிக நுட்பமான நெசவு வடகிழக்கே ஹுவாபன் மலைகளில், சாம் நியூவா, சாம் தாய் பக்கம். ஒன்பது நாளில் அதெல்லாம் ஆகிற காரியமில்லை. அந்த ஊர்ப் பெண்களுக்கு ஒழுங்காகக் கூலி கொடுத்து வியன்டியனில் விற்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் வாங்குவதில் என்ன தப்பு? கொம்மலி சந்தவோங் என்ற நெசவாளர் 1976இல் சில பெண்களோடு தொடங்கிய கூட்டுறவுதான் பின்னால் லுவாங் பிரபாங்குக்குக் கிழக்கே உள்ள பொன்சவான் ஊரில் பட்டுப்பண்ணை வரை வளர்ந்தது, 2015இல் அவருக்கு மகசேசே விருதும் கிடைத்தது. முசுக்கட்டைத் தோட்டத்திலிருந்து தறி வரை ஒரே இடத்தில் பார்க்கலாம்.

அந்தப் பக்கம் போனால் பான் நாபியாவையும் விடாதீர்கள். 1964 முதல் 1973 வரை அமெரிக்க விமானங்கள் லாவோஸ் மேல் கொட்டிய குண்டு இருபது லட்சம் டன்னுக்கு மேல். அதில் மிஞ்சிய அலுமினியத்தை விறகு உலையில் உருக்கி, சாம்பல் நிரப்பிய மர அச்சில் ஊற்றிக் கரண்டி வார்க்கிறார்கள். ஊற்றி முடித்து அச்சைப் பிரித்தால் கரண்டி வந்து விழுகிறது, அவ்வளவு வேகம். ஆனால் குண்டுத் துண்டு எதையும் நினைவுப்பொருள் என்று கேட்காதீர்கள், ஒற்றையடிப் பாதையை விட்டு வயலுக்குள் இறங்கவும் வேண்டாம், வெடிக்காதது இன்னும் ஏராளம். லுவாங் பிரபாங்கிலிருந்து வேனில் மலைச்சாலை, ஒரு நாள் அதற்கே போய்விடும்.

திசைமாறி:
எல்லோருக்கும் நன்றி, அக்கா இப்போதே பொன்சவான் என்று பிடிவாதமாக இருக்கிறாள். இரண்டு கேள்வி: பேரம் பேசலாமா? எனக்குக் கூடை எங்கே?

மேகோங் கரையோரம்:
சந்தையில் சிரித்துக்கொண்டே கொஞ்சம் பேசலாம், ஒன்றும் நினைக்க மாட்டார்கள். தறிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு வேண்டாம், அந்தத் துண்டு அவருடைய எத்தனை நாள் என்று முதலில் கேளுங்கள், அப்புறம் உங்களுக்கே பேரம் பேச வாய் வராது. கூடைக்குக் கைவினைக் கடை எதற்கு? ஊர்க்காரர் காய்கறி வாங்கும் லுவாங் பிரபாங் போசி சந்தைக்குப் போங்கள், ஒட்டரிசிச் சோறு வைக்கும் மூங்கில் திப் காவ் அவர்கள் வீட்டுக்கு வாங்குகிற விலைக்கே கிடைக்கும். பெட்டியில் நசுங்கும், உள்ளே காலுறையைத் திணித்துக்கொண்டு வாருங்கள்.