ராத்திரி ரெண்டு மணிக்கும் சுவர் சுடுது

அம்மா: யாராச்சும் முழிச்சிருக்கீங்களா? தாத்தாவுக்குத் தூக்கமே வரல. மணி ரெண்டாகுது, சுவர்ல கை வச்சா இன்னும் சுடுது.

மாமா: ஃபேன் ஓடுதுல்ல அக்கா?

அம்மா: ஓடுதுடா. முதுகுல வேர்வை காயவே மாட்டேங்குது. பனியன் மூணாவது தடவை மாத்தியாச்சு.

அக்கா: அம்மா, ஈரத்துணியால கழுத்து, அக்குள் எல்லாம் துடைச்சு விடுங்க. தண்ணி கொஞ்சம் கொஞ்சமா குடிக்கட்டும். பேச்சு குழறினா, ஆள் தடுமாறினா உடனே ஆஸ்பத்திரி. விடியட்டும்னு இருக்காதீங்க.

அம்மா: தெளிவாதான் பேசுறார்.

மாமா: நாங்க பாக்காத வெயிலா? கோடைன்னா அப்படித்தான்.

அக்கா: இல்ல மாமா. அப்போ பகல் கொளுத்தினாலும் ராத்திரி ஆறிடும். இப்ப அந்த ராத்திரிதான் போயிடுச்சு. பகல்ல வாங்கின சூட்டைப் பூமி வெளிய விடணும். கார்பன் டை ஆக்சைடு அதைப் பிடிச்சுத் திரும்பக் கீழ அனுப்புது. தொழிற்சாலைங்க வர்றதுக்கு முன்னாடி காத்துல அது பத்து லட்சத்துக்கு 280 பங்கு. இப்ப 420 தாண்டியாச்சு.

நான்: அந்தச் சூட்டுல 90 சதவீதத்துக்கு மேல கடலே வாங்கிக்குது. பவளப்பாறை எல்லாம் வெளுத்துப் போறது அதனாலதான். நாம இவ்வளவு தவிக்கிறது மிச்சத்துக்கு.

சித்தி: வேர்வை ஏன் காயலை?

நான்: காத்துல ஈரம் கூடிடுச்சு சித்தி. 1 டிகிரி ஏறினா காத்து கிட்டத்தட்ட 7 சதவீதம் அதிகமா ஈரம் தாங்கும். ஒரே நாள்ல கொட்டித் தீர்க்குற மழைக்கும் அதான் காரணம். வேர்வை காஞ்சாதான் உடம்பு ஆறும். ராத்திரியும் ஆறலைன்னா இதயத்துக்கு ஓய்வே கிடையாது.

அக்கா: 2003ல ஐரோப்பாவுல ஒரே கோடையில 70,000 பேருக்கு மேல போயிட்டாங்க. நிறைய பேர் வயசானவங்க, வீட்டுல தனியா இருந்தவங்க.

சித்தி: ஐயோ, நம்ம பெரியம்மா தனியாதானே இருக்காங்க?

மாமா: போன் போடுறேன் இரு.

மாமா: எடுக்கல.

மாமா: ரெண்டாவது தடவை எடுத்துட்டாங்க. திருடன் பயத்துல ஜன்னல் எல்லாம் சாத்திட்டுப் படுத்திருக்காங்க. தலை கனக்குதாம், குரலே சரியில்ல.

அக்கா: மாமா, உடனே போங்க.

மாமா: கிளம்பிட்டேன்மா. மாத்து சாவி யார்கிட்ட இருக்கு?

சித்தி: என்கிட்ட. வாசல்ல நிக்கிறேன், வாங்கிட்டுப் போண்ணா.