பேர் வர்ற மாதிரி நம்பர் பிளேட்ல இடைவெளியை மாத்தி அடிச்சா என்ன நடக்கும்? (யூகே)

ஹரோ_அப்பா:
வணக்கம். யூகேல பிறைவேற் பிளேட் (விருப்பப்பட்டு காசு குடுத்து எடுக்கிற நம்பர்) வச்சிருக்கிற ஆக்கள் ஒருக்கா சொல்லுங்கோ. டிவிஎல்ஏ (கார் பதிவு, லைசென்ஸ் எல்லாம் பாக்கிற அரச நிறுவனம்) ஏலத்தில மகனுக்கெண்டு ஒரு நம்பர் எடுத்திருக்கிறன். முழு நம்பரையும் இங்க போட விருப்பமில்லை, ஆனா பழைய ஸ்டைல், முதல்ல ஒரு எழுத்து, பிறகு ரெண்டு இலக்கம், பிறகு மூண்டு எழுத்து. முறைப்படி எண்டா அந்த ரெண்டு இலக்கத்துக்குப் பிறகுதான் இடைவெளி வரோணுமாம். அப்பிடி விட்டா பாக்கிறவைக்கு ஒண்டும் விளங்காது. இடைவெளியை முதல் எழுத்துக்குப் பிறகு தள்ளிவிட்டா என்ர இனிஷியல் தனிய நிக்கும், மிச்சம் அவன்ர பேர் வடிவா வாசிக்கலாம், அதுக்காகத்தானே இவ்வளவு காசு குடுத்து எடுத்தது. பிளேட் அடிக்கிற கடையில கேட்டா ஒருத்தன் ஏலாது எண்டான், மற்றவன் "சோ பிளேட், சும்மா காட்சிக்கு வைக்கிறது எண்டு அடிச்சுத் தாறன், நீங்க அதை எங்க கொண்டுபோய் பூட்டுறீங்கள் எண்டது எனக்குத் தெரியாது" எண்டு சிரிக்கிறான். பிடிச்சா நூறு பவுண்ஸ் ஃபைனோட முடியுமா, இல்லை லைசென்ஸில பொயின்ற் (தண்டனைப் புள்ளி) ஏறுமா? பெடியன் இப்பத்தான் லைசென்ஸ் எடுத்தவன், முதல் ரெண்டு வருசத்துக்குள்ள ஆறு பொயின்ற் வந்தா லைசென்ஸே போயிடும் எண்டு மனிசி நித்திரை இல்லாம இருக்கிறா.

ஈஸ்ட்ஹாம்காரன்:
அண்ணை சும்மா யோசிக்காம அடியுங்கோ. ஹை ஸ்ட்ரீட்ல ஒரு பத்து நிமிசம் நிண்டு பாருங்கோ எத்தினை கார் அப்பிடி ஓடுது எண்டு, எல்லாரையும் பிடிக்க பொலிசுக்கு வேற வேலை இல்லையே. என்ர மச்சான் கன வருசமா அப்பிடித்தான் ஓடுறான், ஒருத்தரும் மறிக்கேல்ல. பொயின்ற் ஒண்டும் வராது, அது எனக்கு நல்லாத் தெரியும். நூறு பவுண்ஸ் எண்டா கட்டிட்டு போறதுதான், ஏலத்தில குடுத்த காசோட பாத்தா அது ஒரு காசா?

ஸ்பானர்_மாமா:
நான் எம்ஓடி, அதுதான் கார் ரோட்டில ஓடத் தகுதியோ எண்டு பாக்கிற சோதனை, செய்யிற ஆள், அதால இதைப் பற்றி கொஞ்சம் கதைக்கலாம்.

தம்பி சொன்ன மாதிரி பொயின்ற் இல்லைதான். ஆனா எம்ஓடில இது ஃபெயில். அட்வைசரி எண்டு எழுதிட்டு விடுற விசயம் இல்லை, மேஜர் டிஃபெக்ட். பிரேக் நல்லம், ரயர் நல்லம், எல்லாம் நல்லம், பிளேட்ல இடைவெளி பிழை எண்டா சர்டிபிகேற் தர ஏலாது, தந்தா என்ர வேலைக்குத்தான் ஆப்பு. கனபேர் எம்ஓடிக்கு ஒரு சோடி, ரோட்டுக்கு ஒரு சோடி எண்டு வச்சிருக்கினம், காலமை கழட்டி மாட்டி பின்னேரம் திரும்ப மாத்துறது. அதுக்கு நான் என்ன சொல்ல, என்ர முன்னால நிக்கிற நேரம் சரியா இருந்தா பாஸ். ஆனா அப்பிடி மாத்தி மாத்திப் பூட்டுற ஆள் ரோட்டில பிடிபட்டா "எனக்கு சட்டம் தெரியாது ஒஃபிசர்" எண்டு எந்த முகத்தோட சொல்லுறது.

அளவைக் கேட்டா சிரிப்பீங்கள். ஒரு எழுத்து 79 மில்லிமீற்றர் உயரம், 50 அகலம் (ஒண்டு எண்ட இலக்கமும் ஐ எண்ட எழுத்தும் மட்டும் விதிவிலக்கு), கோட்டின்ர தடிப்பு 14. எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவில 11, ரெண்டு குறூப்புக்கு நடுவில 33. அப்ப நீங்க எல்லாரும் சண்டை பிடிக்கிறது வெறும் 22 மில்லிமீற்றருக்கு. நாங்க ரூலர் வச்சு அளக்கத் தேவையில்லை, பிழையான இடத்தில நிக்கிற இடைவெளி வாசல்ல கார் திரும்பேக்கையே கண்ணுக்குத் தெரியும்.

அந்த ரெண்டாவது கடைக்காரனை விட்டிடுங்கோ. பதிவு செய்த சப்ளையர் எண்டா உங்கட ஐடியும், அந்த நம்பர் உங்களுக்கு உரிமை எண்டு காட்டுற பேப்பரும், வி5சி லொக்புக்கோ (காரின்ர பதிவுப் பத்திரம்) வி750யோ வி778ஓ (நம்பருக்கான உரிமைப் பத்திரங்கள்), பாக்காம அடிக்கக் கூடாது. அடிச்ச பிளேட்டுக்குக் கீழ அவன்ர கடைப் பேரும் போஸ்ற்கோடும் இருக்கோணும், பிஎஸ் ஏயூ 145இ எண்ட ஸ்டாண்டர்ட் நம்பரும் இருக்கோணும், 2021 செப்டம்பர் 1க்குப் பிறகு பூட்டுற புதுப் பிளேட்டுக்கு அதுதான். சோ பிளேட்ல இது ஒண்டும் இராது, ஏனெண்டா தன்ர பேரைப் போட்டு மாட்டுப்பட அவனுக்கு என்ன விசரா. அப்ப இடைவெளியை விடுங்கோ, அந்தப் பிளேட்டை ரோட்டில பூட்டினாலே பிழை.

ரெடிங்_ராஜாங்கம்:
நான் சென்னை, இப்போ ரெடிங். வக்கீல் எல்லாம் இல்ல, ஆனா எனக்கும் இந்த பிளேட் ஆசை வந்து சட்டத்தையே எடுத்து உக்காந்து படிச்சேன், அதனால சொல்றேன். மேல அந்த ஈஸ்ட்ஹாம் நண்பர் "நூறு பவுண்டுதானே"ன்னு சொல்லிட்டு போயிட்டார், அந்த நூறு பவுண்டு பத்தி யாரும் கவலைப்பட வேண்டியதே இல்ல, பிரச்சனை வேற இடத்துல இருக்கு.

ரூல் 2001ல வந்தது, ரெஜிஸ்ட்ரேஷன் மார்க் எப்படி டிஸ்ப்ளே பண்ணணும்னு தனியா ரெகுலேஷனே இருக்கு, மாமா சொன்ன அளவெல்லாம் அதுலதான் வருது. போலீஸ் ஸ்பாட்ல குடுக்கிறது நூறு பவுண்டு ஃபிக்ஸட் பெனால்டி. நீங்க கட்டமாட்டேன்னு கோர்ட்டுக்கு போனா அதிகபட்சம் 1,000 பவுண்டு வரைக்கும் போகலாம். சில ஆபீசர் நல்ல மூட்ல இருந்தா டிஃபெக்ட் நோட்டீஸ் மட்டும் குடுத்து 14 நாளைக்குள்ள மாத்திட்டு ப்ரூஃப் காட்டுன்னு விட்டுடுவாங்க. டிக்கெட் ஓட்டுற ஆள் மேலதான் வரும், அப்பா ஆசைப்பட்டு போட்டாலும் மாட்டுறது பையன்தான்.

ஆனா அண்ணா, அந்த நம்பர் உங்க சொத்து இல்ல. காசு குடுத்து வாங்கினோம், பில் இருக்கு, ஏலத்துல ஜெயிச்சோம், எல்லாம் சரி, வாங்கினது அந்த நம்பரை வண்டில போட்டுக்கிற உரிமையை மட்டும்தான். நம்பர் எப்பவும் அரசாங்கத்தோடது. தப்பா காட்டினா டிவிஎல்ஏ அந்த உரிமையை திரும்ப எடுத்துக்கலாம், ஒரு பைசா ரீஃபண்ட் கிடையாது. சாதாரண நம்பர் வச்சிருக்கிறவனுக்கு இது ஒரு நஷ்டமே இல்ல, வேற நம்பர் குடுத்துடுவாங்க, போயிட்டே இருப்பான். ஆயிரக்கணக்குல குடுத்து வாங்கினவனுக்குத்தான் இது அடி, அதுலயும் தப்பா ஸ்பேஸ் விடணும்னு ஆசை வர்றதும் அவனுக்குத்தான். டிவிஎல்ஏல சில நம்பர் 250 பவுண்டுலயே ஆரம்பிக்குது, நீங்க எவ்வளவு குடுத்தீங்கன்னு நான் கேக்கல, ஆனா அந்த மொத்தத்தையும் வச்சு சூதாடறீங்கன்னு நினைச்சுக்கோங்க.

ஏன் இந்த ஸ்பேஸ்க்கு இவ்வளவு பிடிவாதம்னு எனக்கும் முதல்ல புரியல. இங்க இருக்கிற ஃபாண்ட்ல சைபரும் ஓ எழுத்தும் ஒரே உருவம், ஒண்ணுங்கிற இலக்கமும் ஐ எழுத்தும் ஒரே உருவம். அப்போ எது எழுத்து எது நம்பர்னு அது நிக்கிற இடத்தை வச்சுத்தான் சொல்லணும், ஸ்பேஸை நகர்த்தினா அந்த இடமே குழம்பிடும். 2014ல 25 ஓ ன்னு ஒரு பிளேட் எல்லா சார்ஜும் சேர்த்து 5,18,000 பவுண்டுக்கு போச்சு, ஃபெராரி 250 மாதிரி தெரியும்கிறதுக்காக ஒரு ஃபெராரி டீலர் வாங்கினார். அவ்வளவு குடுத்தவருக்கும் ரூல்படி 25க்கும் ஓவுக்கும் நடுவுல அந்த கேப் விட்டே ஆகணும்.

இன்னொண்ணு, யூலெஸ் (லண்டன்ல புகை அதிகம் விடற வண்டிக்கு தினமும் கட்டணம் வாங்கற திட்டம்) கேமராவை ஏமாத்த, ஸ்பீட் கேமராவை ஏமாத்தன்னு யாராவது எழுத்தை மாத்தினா அது வேற லெவல் கேஸ். 1994 வெஹிக்கிள் ஆக்ட்ல 44வது பிரிவு, மோசடி பண்ற எண்ணத்தோட மாத்தினா ரெண்டு வருஷம் வரை ஜெயில் இருக்கு. பேருக்காக ஸ்பேஸ் மாத்தறது அதுல வராது, பயப்பட வேண்டாம், ஆனா ஒரு நாளைக்கு 12.50 பவுண்டு மிச்சம் பிடிக்கிறேன்னு கறுப்பு டேப் ஒட்டறவங்க இந்த ரெண்டையும் ஒண்ணுன்னு நினைச்சுக்க கூடாது.

ஈஸ்ட்ஹாம்காரன்:
சரி சரி வக்கீல் ஐயா. ஆனா கமராவுக்கு இடைவெளி ஒரு பொருட்டே இல்லை எண்டு சொல்லுறாங்கள், அது எழுத்தைத்தான் வாசிக்குமாம். பிறகு ஏன் மறிக்கிறான்?

ரெடிங்_ராஜாங்கம்:
கேமரா நிறைய நேரம் படிச்சிடும் ப்ரோ, நான் இல்லன்னு சொல்லல. ஆனா உங்களை மறிக்கிறது கேமரா இல்லையே, பின்னாடி வர்ற போலீஸ்காரர். அவருக்கு இது ஒரு சாக்கு. தப்பான பிளேட்னு நிறுத்த முழு அதிகாரம் இருக்கு, நிறுத்தினதுக்கு அப்புறம் டயர் பார்ப்பார், கண்ணாடி டிண்ட் பார்ப்பார், இன்சூரன்ஸ் பார்ப்பார். புதுசா லைசென்ஸ் எடுத்த பையன், ராத்திரி பதினோரு மணி, நாலு ஃப்ரெண்ட்ஸ் உள்ள, பேர் போட்ட பிளேட், நீங்களே யோசிச்சுக்கோங்க.

குரோய்டன்_அக்கா:
இன்சூரன்ஸ் எண்டு சொன்னபடியா நானும் ஒண்டு சொல்லுறன், இதை ஒருத்தரும் சொல்லேல்ல. இடைவெளி சரியோ பிழையோ, புது நம்பரை காருக்கு மாத்தின உடன இன்சூரன்ஸ்காரனுக்கு சொல்லோணும். என்ர தங்கச்சி வீட்டுக்காரர் நம்பரை ஒன்லைன்ல மாத்திட்டு பிளேட்டும் பூட்டிட்டு சந்தோசமா ஓடிக்கொண்டு திரிஞ்சவர், இன்சூரன்ஸ் பழைய நம்பரிலயே கிடந்தது. பொலிஸ் பாத்தா அவையின்ர டேற்றாபேஸ்ல புது நம்பருக்கு இன்சூரன்ஸ் இல்லை எண்டு காட்டுது. நடு ரோட்டில வச்சு ஃபோன் எடுத்து, அங்க மியூசிக் கேட்டுக்கொண்டு நிண்டு, ஒரு மாதிரி விளங்கப்படுத்தி தப்பினவர். இல்லாட்டி காரையே எடுத்துக்கொண்டு போற பவர் அவைக்கு இருக்கு. இன்சூரன்ஸ் இல்லாம ஓடினதுக்கு பொயின்ற்றும் இருக்கு, ஆறு. உங்கட மனிசி பயப்பிடுற ஆறு அதுதான், பிளேட்டால இல்லை.

ஹரோ_அப்பா:
எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு விளக்கம் வரும் எண்டு நினைக்கேல்ல. நம்பர் பறிபோகும் எண்டது எனக்கு உண்மையா புதுசு, வாங்கினா வீடு மாதிரி எங்கட பேரிலதான் இருக்கும் எண்டு நினைச்சிருந்தன். இன்னும் ரெண்டு கேள்வி. கார் பிசிபில (மாசாமாசம் கட்டி கடைசியில திருப்பிக் குடுக்கவும் கூடிய ஃபினான்ஸ்) எடுத்தது, அதில இந்த நம்பரைப் போடலாமோ? மற்றது, நீட்டுப் பிளேட் இல்லாம ரெண்டு வரிப் பிளேட் அடிச்சா மேல இனிஷியல் கீழ பேர் எண்டு வருமே, அதில இடைவெளிப் பிரச்சனை இல்லைத்தானே?

ஸ்பானர்_மாமா:
ஹா ஹா, அந்த ரெண்டு வரிக் கேள்வி வரும் எண்டு பாத்துக்கொண்டு இருந்தனான். ஏலாது. உங்கட ஸ்டைல் நம்பரில மேல் வரியில எழுத்தும் இலக்கமும், கீழ் வரியில மூண்டு எழுத்து, அதுதான் முறை. எங்க முறிக்கிறது எண்டதை உங்கட விருப்பத்துக்கு விடேல்ல, ரெண்டு வரிக்கும் நடுவில 19 மில்லிமீற்றர் எண்டு அதையும் எழுதி வச்சிருக்கிறாங்கள்.

ஸ்குறூவால எழுத்தை மாத்துற ஐடியாவும் வேண்டாம், கறுப்பு மூடி போட்ட ஆணியை ஐஞ்சுக்குப் பக்கத்தில அடிச்சு எஸ் மாதிரி காட்டுறது, அதுவும் அதே பிழைதான். வடிவா இருக்கோணும் எண்டா 4டி எண்டு விக்கிற உயர்த்தின எழுத்து போடுங்கோ, அது முழுக் கறுப்பா, அளவு சரியா, ஸ்டாண்டர்ட் நம்பரோட இருந்தா சட்டப்படி சரி. சாம்பல் நிழல் விட்டு ரெண்டு கலரில வாற எழுத்து புது ஸ்டாண்டர்டில இல்லை.

குரோய்டன்_அக்கா:
பிசிபி எண்டா போடலாம், ஆனா முதல்ல ஃபினான்ஸ் கொம்பனிக்கு சொல்லுங்கோ. லொக்புக் உங்கட பேரில இருந்தா நீங்களே ஒன்லைன்ல செய்யலாம், லீஸ் கார் மாதிரி அவையின்ர பேரில இருந்தா அவைதான் செய்து தரோணும். முக்கியமா கார் திருப்பிக் குடுக்க முன்னம் நம்பரைக் கழட்டி எடுத்துப்போடுங்கோ, 80 பவுண்ஸ், வி778 எண்டு ஒரு பேப்பர் தருவினம், பத்து வருசம் செல்லும், பிறகும் நீட்டலாம். மறந்து காரோட விட்டா நம்பர் காரோட போயிடும், பிறகு அழுது பிரயோசனம் இல்லை.

ஹரோ_அப்பா:
சரி அக்கா, அப்பிடியே செய்யிறன். முதலாவது கடையிலயே முறையா அடிக்கக் குடுக்கிறன், பெடியனுக்கு இன்னும் சொல்லேல்ல, அவன் ஏற்கனவே ஃப்ரெண்ட்ஸுக்கு பேரோட படம் வரைஞ்சு அனுப்பிட்டானாம்.

ரெடிங்_ராஜாங்கம்:
ஒண்ணும் ஆகாது அண்ணா, சரியான ஸ்பேஸ்லயும் தெரிஞ்சவங்களுக்கு படிக்க வரும். பழைய நம்பர்ங்கிறதால வண்டி புதுசா தெரியுதுன்னு யாரும் சொல்லவும் முடியாது, புது வருஷ நம்பரை பழைய வண்டில போடறதுதான் தடை, நீங்க போடறது தலைகீழ்.

ஈஸ்ட்ஹாம்காரன்:
மாமா கடைசியா ஒண்டு. அந்தக் கறுப்புப் பிளேட்ல வெள்ளி எழுத்து, அது போட்டா பொலிஸ் ஒண்டும் கதைக்காதாமே? மச்சான்ர காருக்கு அடிப்பம் எண்டு கேக்கிறான்.

ஸ்பானர்_மாமா:
1980 ஜனவரி 1க்கு முன்னம் செய்த கார், அதுவும் டிவிஎல்ஏல ஹிஸ்டொரிக் எண்டு பதிஞ்சிருந்தா போடலாம். உன்ர மச்சான் ஓடுறது என்ன கார், எந்த வருசம்? அதுசரி அவன்ர எம்ஓடி எப்ப வருது, என்னட்டத்தான் கொண்டு வாறவன் எண்டு நினைக்கிறன்.