பரிஸ் 2024: இந்திய பரா அணியைப் பார்த்தவர்கள் எழுதுங்கள்

லாச்சப்பல்வாசி

பரிஸ் பரா ஒலிம்பிக்கில் இந்திய அணியின் ஆட்டங்களை நேரில் பார்த்தவர்கள் இங்கே எழுதலாம். தொலைக்காட்சியில் பார்த்தவர்களும் வரலாம். ஒரே ஒரு வேண்டுகோள்: "ஊனம் உடலில் இல்லை, மனதில்தான்" வகைச் சொற்பொழிவுகள் வேண்டாம். அதைப் பள்ளிக்கூட ஆண்டு விழாக்களில் கேட்டுக்கொள்வோம். இங்கே ஆட்டத்தைப் பற்றிப் பேசுவோம்.

நான் யாழ்ப்பாணத்தான். இந்திய அணி என் நாட்டு அணி அல்ல. ஆனால் பட்மின்ரன் நடந்த அரங்கு போர்த் து லா ஷப்பெலில் இருந்தது; எங்கள் தமிழ்க் கடைத்தெருவிலிருந்து வடக்கே நடந்து போகும் தூரம்தான். சித்தப்பா சக்கர நாற்காலியில் வருபவர். மெற்றோப் படிகளோடு மல்லுக்கட்டாமல் நடைபாதையிலேயே தள்ளிக்கொண்டு போய்விட்டோம். பிரான்சின் லூக்கா மசூரைப் பார்க்கத்தான் பிள்ளைகள் ரிக்கெற் எடுத்திருந்தார்கள். செப்டம்பர் 1, ஞாயிற்றுக்கிழமை. போய் உட்கார்ந்தால் எஸ்யு5 பிரிவுப் பெண்கள் அரையிறுதியில் துளசிமதி முருகேசனும் மனிஷா ராமதாசும். ஒருவர் காஞ்சிபுரம், மற்றவர் திருவள்ளூர். பலகையில் அப்பாக்களின் பெயர்தான் பெரிதாக எரிந்தது. "முருகேசன் முன்னால் நிற்கிறாரா, ராமதாசா?" என்று பக்கத்து இருக்கைப் பிரெஞ்சுக்கார அம்மா என்னிடம் கேட்டுக்கொண்டே இருந்தார்.

யாருக்குக் கை தட்டுவது? சித்தப்பா ஒரு வழி கண்டுபிடித்தார்: பின்தங்கியவருக்குத் தட்டுவது. முதல் செட் 23-21 வரை இழுபட்டதால் ஒவ்வொரு புள்ளிக்கும் கட்சி மாறிக்கொண்டிருந்தோம். இரண்டாவது 21-17. துளசிமதி வென்றார்.

எஸ்யு5 என்றால் கையில் குறைபாடு உள்ளவர்கள் நின்று ஆடும் பிரிவு. அரங்கில் மேலிருந்து பார்த்தபோதுதான் எனக்கு ஒன்று பிடிபட்டது. பின்னால் பாய்ந்து மேலே வரும் பந்தை அடிக்கும்போது, மட்டை பிடிக்காத கை தானாக உயர்ந்து உடம்பைச் சமன் செய்யும். அந்தக் கை முழுதாக எழாதவர், அந்த வேலையை இடுப்புக்கும் காலுக்கும் கொடுக்க வேண்டியிருக்கிறது. அதனால் ஒரு கணம் முன்னதாகவே திரும்பிவிடுகிறார்கள். பந்து எங்கே வரும் என்று முன்னதாகக் கணிக்காவிட்டால் அது முடியாது. சித்தப்பாவும் நானும் மூன்றாவது நான்காவது புள்ளியிலேயே கையைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் காலைப் பார்க்கத் தொடங்கினோம்.

மறுநாள் இறுதியில் சீனாவின் யாங் சியூஷியாவிடம் 17-21, 10-21 என்று துளசிமதி தோற்றார். வெள்ளி. மனிஷா டென்மார்க்கின் ரோசன்கிரெனை 21-12, 21-8 என்று வென்று வெண்கலம் வாங்கினார். குட்டையான உடலமைப்பு உள்ளவர்களுக்கான எஸ்எச்6 பிரிவில் ஓசூர் நித்யஸ்ரீ சிவனுக்கும் வெண்கலம். அதே நாளில் இந்தியாவின் சுஹாஸ் யதிராஜ் மசூரிடம் தோற்றதையும் சொல்ல வேண்டும். சுஹாஸ் ஐ.ஏ.எஸ். அதிகாரி என்று நான் சொன்னதும், "அப்படியென்றால் நாளைக்கு அலுவலகம் போகட்டும்" என்றாள் பிரான்சில் பிறந்த என் பெறாமகள். தேசபக்தி எந்தப் பக்கம் பாயும் என்று யாராலும் சொல்ல முடியாது.

சேலத்து மாணவன்

செப்டம்பர் 3 இரவு ஸ்டாட் து பிரான்ஸில் இருந்தேன். காலில் குறைபாடு உள்ளவர்களுக்கான டி63 பிரிவு உயரம் தாண்டுதல். ஊரில் எல்லோருக்கும் மாரியப்பன் தங்கவேலு கதை தெரியும்: பெரியவடகம்பட்டி, ஐந்து வயதில் பஸ் ஏறி நசுங்கிய வலது கால், காய்கறி விற்ற அம்மா. கதை தெரிந்த அளவுக்கு அவர் தாண்டுவதை யாரும் உட்கார்ந்து பார்த்ததில்லை என்பது என் வருத்தம்.

இந்தப் போட்டியில் ஒவ்வொருவர் ஓடி வருவதும் ஒவ்வொரு விதம். அமெரிக்காவின் எஸ்ரா ஃபிரெஷ் வளைந்த செயற்கைக் காலோடு வருகிறார். சரத் குமாருக்குப் போலியோ பாதித்த கால். மாரியப்பன் ஓடி வரும்போது வலது பாதம் தரையைத் தொட்டுத் தொட்டு மட்டும் போகிறது. பாரமெல்லாம் இடது காலில்தான். மூவருக்கும் கம்பி ஒன்றுதான். கம்பி உயர உயரக் கூட்டம் ஒரே தாளத்தில் கை தட்டுகிறது. அந்தத் தாளத்துக்குள் தன் ஓட்டத்தைப் பொருத்திக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள், அது அடங்கட்டும் என்று காத்து நிற்கிறவர்களும் இருக்கிறார்கள்.

மாரியப்பன் 1.85 மீட்டரோடு நின்றார். சரத் 1.88. ஃபிரெஷ் 1.94 தாண்டித் தங்கம் எடுத்தார். டோக்கியோவில் மாரியப்பன் வெள்ளி, சரத் வெண்கலம். இங்கே இருவரும் இடம் மாறிக்கொண்டார்கள்.

அன்றிரவே வீட்டுக் குழுவில் ஒருவர் கணக்குப் போட்டார்: ரியோவில் 1.89 தங்கம், டோக்கியோவில் 1.86 வெள்ளி, பாரிஸில் 1.85 வெண்கலம், ஆக இறங்குமுகம். எனக்குக் கோபம் வந்துவிட்டது. அதே 2024 மே மாதம் கோபேயில் 1.88 தாண்டி உலகச் சாம்பியன் ஆனவர் அவர். மூன்று பாராலிம்பிக்கிலும் தொடர்ந்து பதக்கம். ரியோவில் 1.89 தங்கத்துக்குப் போதுமாக இருந்தது, இப்போது 1.88 தாண்டினாலும் வெள்ளிதான். மாறியிருப்பது போட்டி. கிரிக்கெட் வீரருக்கு இவ்வளவு கணக்குப் பார்ப்பவர்கள், எதிரணி யார் என்பதையும் சேர்த்துத்தானே பார்ப்பார்கள்?

அந்த ஒரே இரவில், கையில் குறைபாடு உள்ளவர்களுக்கான ஈட்டி எறிதல் எஃப்46 பிரிவில் அஜீத் சிங்கும் சுந்தர் சிங் குர்ஜரும், 400 மீட்டரில் தீப்தி ஜீவன்ஜியும் பதக்கம் வாங்கினார்கள். ஈட்டி ஒரு பக்கம், கம்பி ஒரு பக்கம் என்று எந்தப் பக்கம் பார்ப்பது என்றே தெரியவில்லை. டோக்கியோவில் வாங்கிய 19 பதக்கங்களை இந்தியா தாண்டியது அன்றுதான்.

வெள்ளவத்தை

அண்ணை, எங்கள் ஆளை விட்டுவிட்டீர்களே. செப்டம்பர் 2 அன்று எஃப்64 ஈட்டி எறிதலில் சுமித் அந்தில் 70.59 மீட்டர் எறிந்து தங்கம். வெள்ளி யாருக்கு? இலங்கையின் சமித்த துலானுக்கு, 67.03. அது எஃப்44 பிரிவில் உலக சாதனை. உலக சாதனை படைத்தவர் இரண்டாவதாக நிற்கிறார்! செயற்கைக் காலோடு எறிபவர்கள் எஃப்64, அது இல்லாமல் எறிபவர்கள் எஃப்44. இரண்டையும் சேர்த்து ஒரே போட்டியாக வைத்ததால் வந்த வினை. இதைப் பற்றி யாராவது கொஞ்சம் சண்டை போடுங்கள்.

சேலத்து மாணவன்

சண்டைக்கு வருகிறேன். சுமித்துக்கும் துலானுக்கும் இடையே மூன்றரை மீட்டர் இருக்கிறது. பிரிவைக் குறை சொல்லி அதைக் கடக்க முடியாது. ஆனால் எஃப்44-க்குத் தனிப் பதக்கம் இருந்திருக்க வேண்டும் என்பதில் உங்கள் பக்கம்தான்.

பானிபட் ரசிகை

நான் சென்னைக்காரி, கணவர் வேலை காரணமாக ஹரியானாவில் இருக்கிறோம். நவ்தீப் பானிபட்டுக்காரர். குட்டையான உடலமைப்பு உள்ளவர்களுக்கான எஃப்41 ஈட்டி எறிதலில் 47.32 மீட்டர். ஈரான் வீரர் 47.64 எறிந்து முந்திவிட்டார் என்று டிவியை அணைத்துவிட்டோம். பிறகு தெருவில் வெடிச்சத்தம். நடத்தை விதியை மீறியதற்காக ஈரான் வீரரைத் தகுதிநீக்கம் செய்து, தங்கத்தை நவ்தீப்புக்குக் கொடுத்துவிட்டார்கள். சந்தோஷம்தான். இருந்தாலும் 32 சென்டிமீட்டர் அதிகம் எறிந்த மனிதர் வெறுங்கையோடு போனது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

ஆவடி அம்மா

நான் நேரில் பார்த்தவள் அல்ல. என் மகள் ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். பிரசவத்தின்போது தோள் நரம்புகள் இழுபட்டு வலது கை பலவீனமாகிவிட்டது. எர்ப்ஸ் பால்சி என்பார்கள். மனிஷாவுக்கும் அதே கை, அதே பாதிப்பு. தினமும் சுவரில் விரல்களால் ஏறிக் கையை உயர்த்தும் பயிற்சி செய்கிறாள். கண் உயரம் தாண்டினால் அன்று நல்ல நாள்.

பள்ளியில் விளையாட்டு நேரத்தில் அவளைப் புள்ளி எழுத உட்கார வைத்துவிடுகிறார்கள். அன்போடுதான் செய்கிறார்கள், அதுதான் சிக்கல், சண்டை போடவும் முடியவில்லை. ஒரு பயிற்சிக் கூடத்தில் கேட்டதற்கு, "கை சரியானதும் கூட்டி வாருங்கள்" என்றார்கள்.

அந்த அரையிறுதியை அவளுக்குக் கைபேசியில் போட்டுக் காட்டினேன். கண் கலங்குவாள், ஏதாவது கேட்பாள் என்று நானாக எதிர்பார்த்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவள் புள்ளி எழுதிப் பழகியவள் அல்லவா? ஒரு தாளை எடுத்துக் கோடு போட்டு எழுதிக்கொண்டே பார்த்தாள். முடிந்ததும், "21 எடுத்தும் மனிஷா அக்கா ஏன் முதல் செட்டில் தோற்றார்?" என்றாள். இரண்டு புள்ளி வித்தியாசம் வேண்டும் என்றேன். "அப்படியென்றால் எங்கள் பள்ளியில் தப்பாகவே ஆடுகிறார்கள்" என்று மறுநாள் போய் ஆசிரியரிடமும் சொல்லிவிட்டாள். இப்போது அவளுக்கு மட்டை வேண்டுமாம். எங்கே தொடங்குவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

எஸ்யு5 ஆட்டக்காரன்

அம்மா, மாவட்ட அளவில் ஆடுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன். எஸ்யு5 பிரிவுக்கென்று தனிக் களம் கிடையாது. முழுக் களம், வழக்கமான உயரத்தில் வலை, வழக்கமான பந்து. பாதிக் களத்தில் ஆடும் ஏற்பாடெல்லாம், காலில் குறைபாடு உள்ளவர்கள் நின்று ஆடும் எஸ்எல்3 போன்ற பிரிவுகளுக்கு. அதனால் எந்தக் கூடத்திலும், எந்தப் பிள்ளைகளோடும் அவள் பழகலாம். "சரியானதும் வாருங்கள்" என்றவர்களை விட்டுவிட்டு அடுத்த கூடத்தைப் பாருங்கள். எந்தப் பிரிவு என்று மருத்துவர்கள் சோதித்து வகைப்படுத்துவதெல்லாம் போட்டிகளுக்குப் போகும்போதுதான் வரும். இப்போதைக்கு அந்தக் கவலை வேண்டாம்.

வயது வந்தோர் மட்டையை வாங்காதீர்கள், எடை குறைந்த சிறுவர் மட்டை போதும். இடது கையில் மட்டை. வலது கையால் பந்தை இடுப்பருகே பிடித்து சர்வீஸ் போடப் பழகட்டும். சர்வீஸைத் தாழ்வாகத்தான் அடிக்க வேண்டும் என்பது எல்லோருக்குமான விதி. கை மேலே எழ வேண்டிய தேவையே இல்லை, விரல்கள் பந்தைப் பற்றினால் போதும். பந்தை மேலே தூக்கிப் போடக் கூடாது, அப்படியே விட வேண்டும். முதல் வாரம் முழுக்க இது மட்டும் செய்யச் சொல்லுங்கள். பிறகு எழுதுங்கள், கால் நகர்த்துவதைப் பற்றிச் சொல்கிறேன்.