மறு: துத்தநாகக் குறைபாடா, துத்தநாகத் தாழ்வா?

> இரண்டுக்கும் ‘துத்தநாகப் பற்றாக்குறை’ என்றே வைத்துக்கொள்ளலாமே, எதற்குத் தனித்தனிச் சொல்?

வணக்கம் ஐயா,

நம் கலைச்சொல் பட்டியலில் இரண்டுக்கும் ஒரே சொல் வேண்டாம் என்பேன். நிமோனியாவோடு வார்டில் சேரும் குழந்தையின் இரத்தத்தைப் பார்த்தால் துத்தநாகம் பெரும்பாலும் குறைவாகத்தான் இருக்கும், ஆனால் அது சாப்பாட்டில் இருந்த குறையா, தொற்று செய்த வேலையா என்று அந்த ஒரு எண்ணை வைத்துச் சொல்ல முடியாது. தொற்று வந்ததும் கல்லீரல் இரத்தத்தில் ஓடும் துத்தநாகத்தை உள்ளே இழுத்துக்கொள்கிறது; உடம்பின் மொத்தத் துத்தநாகத்தில் இரத்தநீரில் இருப்பது ஒரு விழுக்காடுகூடக் கிடையாது, அதனால் கொஞ்சம் இடம் மாறினாலே எண் சட்டென்று இறங்கிவிடும். இதைப் போய்ப் பற்றாக்குறை என்று எழுதினால், படிக்கிறவர் நேராக மருந்துக்கடைக்குப் போய்த் துத்தநாக சிரப் கேட்பார்.

சிரப் கொடுத்துப் பார்த்த கதையும் குழப்பம்தான். வங்காளதேசத்தின் மத்லப்பில் கடும் நிமோனியா கண்ட இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் தினம் 20 மில்லிகிராம் கொடுத்ததில் சீக்கிரம் தேறினார்கள் என்று 2004இல் வெளியிட்டார்கள். 2006இல் வந்த வேலூர் ஆய்விலோ 299 குழந்தைகளில் பலனே தெரியவில்லை, வெயில் காலத்தில் துத்தநாகம் பெற்றவர்களுக்கு நோய் இன்னும் நீண்டது. (வயிற்றுப்போக்குக்குத் தருவது வேறு சங்கதி, அதை உலக சுகாதார நிறுவனமே 2004 முதல் பரிந்துரைக்கிறது.)

சரி, சொல்லுக்கு வருகிறேன். உடம்பின் இருப்பே குறைந்திருந்தால் ‘துத்தநாகக் குறைபாடு’, இரும்புச்சத்துக் குறைபாடு போல. பரிசோதனை எண் மட்டும் இறங்கியிருந்தால் ‘இரத்தத் துத்தநாகத் தாழ்வு’. நீளம்தான், ஒத்துக்கொள்கிறேன், ஆனால் ஆங்கிலச் சொல்லை ‘ஹைப்போசின்கீமியா’ என்று எழுத்துக்கூட்டுவதற்கு இது எவ்வளவோ மேல். இலங்கைப் பாடநூல்களில் துத்தநாகம் வெறும் ‘நாகம்’ என்பதால் ‘தாழ்நாகம்’ என்று சுருக்கலாம் என்று ஒருவர் எழுதியிருந்தார். அழகான சொல், ஆனால் தமிழ்நாட்டில் குழந்தைகள் வார்டில் தாழ்நாகம் என்றால் பாம்புக்கடி என்றுதான் ஓடி வருவார்கள்.

அப்புறம், பட்டியலில் ‘வெட்டுப்புள்ளி’ (cut-off) என்று இருப்பதையும் மாற்ற வேண்டும். 10 வயதுக்குட்பட்டோருக்குக் காலையில் எடுத்த இரத்தத்தில் டெசிலிட்டருக்கு 65 மைக்ரோகிராமுக்குக் கீழே போனால் தாழ்வு என்ற அளவைத்தானே சொல்ல வருகிறோம், அதற்குக் ‘கீழ்வரம்பு’ போதாதா? மறுப்பு இருந்தால் இந்த இழையிலேயே எழுதுங்கள்.