ஹெல்மெட் சத்தம்

மதுரை, கல்யாணமாகி 14 வருடம்:

சாயங்காலம் ஏழரைக்கு வாசலில் பைக் சத்தம் கேட்கும். அடுத்தது ஹெல்மெட். அது ஃபிரிட்ஜ் மேல் மெல்ல உட்கார்ந்தால் நல்ல நாள். 'டொம்'மென்று விழுந்தால் எனக்கு வயிற்றைப் பிசையும். காலையில் என்ன பேசினோம், சட்னியில் உப்பு கூடிவிட்டதா, அம்மாவோடு போனில் ரொம்ப நேரம் பேசியதுதான் காரணமா என்று ஒவ்வொன்றாகத் துழாவுவேன். பதினோரு வருடம் இதே கதை. அவர் கை நீட்டியதில்லை, கெட்ட வார்த்தை பேசியதில்லை. அதனாலேயே யாரிடமும் சொல்ல முடியவில்லை. என்னவென்று சொல்வது?

ஒருநாள் அதே 'டொம்'. "ஏங்க, எம்மேல ஏதும் கோவமா?" என்று மூன்றாவது தடவை கேட்டேன். சாப்பாட்டில் கையை வைத்தபடியே சொன்னார்: "கடையில ஸ்டாக் இடிக்குது, ஓனர் கத்திட்டாரு. வீட்டுக்கு வந்தா நீ என் மூஞ்சியப் பாத்து அரண்டு போற. அப்புறம் உன்னைச் சமாதானப்படுத்தணும். நான் எங்கதான் போய் உம்முனு உக்கார்றது?"

அன்றைக்கு அழுகைதான் வந்தது. ரெண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது. அவரைக் கவனித்துக்கொள்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, எனக்கு ஆறுதல் சொல்லும் வேலையையும் அவர் தலையில் கட்டியிருக்கிறேன்.

2023 ஜூலையில் நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறந்தார்கள். முதலில் மகனுக்குத் துணையாகப் போனேன். பிறகு சனிக்கிழமைதோறும் நான் மட்டும். சாதாரண டவுன் பஸ்ஸில் 2021லிருந்து பெண்களுக்கு இலவசம்தானே, போய்வரக் காசு கேட்க வேண்டியதில்லை. இதென்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். "எதுக்கு, எவ்வளவு?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லாமல் படி இறங்குவது எப்படியிருக்கும் என்று, சொல்லிச் சொல்லிப் பழகியவர்களைக் கேளுங்கள்.

இப்போதும் ஹெல்மெட் விழுகிறது. காபியை வைத்துவிட்டு என் புத்தகத்துக்குப் போய்விடுகிறேன். அரைமணியில் அவரே பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஓனரைத் திட்ட ஆரம்பிக்கிறார்.

கரூர், ஓய்வு பெற்றவர்:

எங்கள் வீட்டில் தலைகீழ். மாமியாருக்கு உடம்பு முடியாமல் மனைவி நாற்பது நாள் திருநெல்வேலி போயிருந்தாள். ஒரு நாளைக்கு ஆறு தடவை போன் செய்வேன். சிலிண்டர் புக் பண்ணணுமா, பாலுக்கு எவ்வளவு, இப்படி ஏதாவது சாக்கு. "பேச ஒண்ணுமில்லேன்னா வைங்க, அம்மாவுக்கு மருந்து குடுக்கணும்" என்றாள் ஒருநாள். 33 வருடமாக எனக்கிருந்த ஒரே சிநேகிதம் அவள்தான் என்று அப்போதுதான் தெரிந்தது. பாவம், அவளுக்கு மூச்சுவிட இடமில்லை. இப்போது சாயங்காலம் கேரம் ஆடப் போகிறேன். இந்த வயதில் நண்பன் பிடிப்பது பெண் பார்ப்பதைவிடக் கஷ்டம்.

பெயர் சொல்ல விரும்பாதவர்:

மதுரைக்காரருக்கு ஒரு வார்த்தை. என் வீட்டில் பேசாமலிருப்பதே தண்டனை. ஒருமுறை 23 நாள். நானும் கோலம், தையல் என்று மனதைத் திருப்பிப் பார்த்தேன். எனக்கு வாய்த்தது வேறு மாதிரி. இதைப் படித்துவிட்டு என் அக்கா "நீயும் கண்டுக்காம இரு" என்று ஆரம்பித்துவிடுவாளோ என்றுதான் பயம்.

மதுரை:

நீங்கள் சொல்வது சரி. அவர் அரைமணியில் வந்துவிடுவார் என்று தெரிந்துதான் நான் புத்தகத்தைத் திறக்கிறேன். 23 நாள் என்றால் எந்தப் பக்கத்தில் இருக்கிறேன் என்றே தெரியாமல் உட்கார்ந்திருப்பேன். அக்காவிடம் அந்த 23 நாள் கணக்கைச் சொல்லிவிட்டீர்களா?